மடியாத பின் சீட்: லாக் எங்கே ஒளிந்திருக்கிறது, எங்கே மாட்டியிருக்கிறது

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு என்று கொல்லம் போகிற 744ஆம் எண் நெடுஞ்சாலையில், என்றைக்குமே பின் சீட்டை மடிக்காத கார் என்று ஒன்றைக் காண்பது கஷ்டம். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை ஏற்ற வேண்டும், புனலூர்ப் பக்கத்திலிருந்து வாழைத்தாரும் பலாப்பழமும் வர வேண்டும், குற்றாலம் சீசனில் ரூம் கிடைக்காதவர்கள் வண்டிக்குள்ளேயே காலை நீட்ட வேண்டும். நமக்கு சீட் கவர் தைக்கிற தொழில். கவர் போட வருகிறவர்கள் கூடவே இன்னொரு வேலையும் சொல்வார்கள்: “அண்ணாச்சி, இந்தச் சீட்டு மடிய மாட்டேங்குது, ஒரு பார்வ பாத்துருங்க.” மலைக்கு அந்தப் பக்கத்துச் சேட்டன்மாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், மீதி வாக்கியம் மட்டும் மலையாளத்தில் வரும்.

திறந்து பார்த்தால் லாக் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். லிவர் எங்கோ மறைந்திருக்கும், இல்லையென்றால் லாக்கின் மேல் ஏதோ ஒரு பாரம் சாய்ந்திருக்கும். உடைவதெல்லாம் அதற்கு அப்புறம், “நல்லா பலமா இழுடே” என்று யாராவது பின்னாலிருந்து உற்சாகம் கொடுக்கும்போதுதான்.

லாக்கின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் கீழே வருகிற எல்லாமே எளிது. பேக் ரெஸ்ட் என்கிற சாய்மானத்தின் மேல் ஓரத்தில், கதவுப் பக்கமாக, ஒரு இரும்புத் தாடை இருக்கும். அதற்கு நேர் எதிரே, வண்டியின் பாடியில், வளைத்த கம்பி ஒன்று போல்ட் போட்டு நிறுத்தியிருக்கும். அதன் பெயர் ஸ்ட்ரைக்கர். சாய்மானத்தைப் பின்னால் தள்ளியதும் தாடை நண்டுக் கொடுக்கு மாதிரி அந்தக் கம்பியைக் கவ்வும். கவ்விய தாடை தானாகத் திறந்துவிடாமல் உள்ளே ஒரு சின்னப் பல் வந்து முட்டுக் கொடுக்கும். நாம் லிவரையோ நாடாவையோ இழுப்பது அந்தப் பல்லை நகர்த்தத்தான். சாய்மானம் முன்னோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தால் தாடை கம்பியை இழுத்துப் பிடிக்கும், பல்லின் மேல் அழுத்தம் ஏறும், பல் நகராது. கார்க் கதவின் பூட்டும் இதே ஏற்பாடுதான்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் நான்கு வேலை. டிக்கியைக் காலி செய்யுங்கள். முன் சீட்டுகளை முன்னால் நகர்த்துங்கள். பின் ஹெட்ரெஸ்ட்டுகளை முழுக்க இறக்குங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். பின் சீட் பெல்ட் எதுவும் பக்கிளில் மாட்டியிருக்கக் கூடாது. ஆளில்லாத சீட்டில் எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்த பெல்ட்டைச் சும்மா மாட்டி வைக்கிற பழக்கம் நம் ஊரில் ஜாஸ்தி.

லிவரே கண்ணில் படவில்லை

முதலில் உங்கள் வண்டியில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். செடான்களில் பலவற்றுக்குப் பின் சீட் மடியவே மடியாது. டிசையர், அமேஸ் இரண்டிலும் சாய்மானம் நிரந்தரமாகப் பொருத்தியது. எவ்வளவு தடவினாலும் லிவர் கிடைக்காது. ஸ்லாவியா, விர்டஸ் மாதிரிச் செடான்களில் 60:40 மடிப்பு உண்டு, அதாவது சாய்மானம் பெரிதும் சிறிதுமாக இரண்டாகப் பிரிந்து தனித்தனியே மடியும். ஹேட்ச்பேக்கில் அநேகமாக எல்லாமே மடியும், ஆனால் ஒரே மாடலிலேயே அடி வேரியன்டில் ஒரே பலகையாகவும் மேல் வேரியன்டில் இரண்டாகப் பிரிந்தும் மடிகிற வண்டிகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் இருப்பது உங்கள் வண்டியிலும் இருக்கும் என்று நினைத்துத் தேட வேண்டாம். டாஷ்போர்டு அறையில் கிடக்கும் கையேட்டைப் புரட்டினால் படத்தோடு போட்டிருப்பார்கள்.

தேடும் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சாய்மானத்தின் மேல் விளிம்பில், இரண்டு கதவுப் பக்க மூலைகளிலும் கையை வைத்து அழுத்தித் தடவுங்கள். பட்டன், மேலே தூக்கும் குமிழ், சின்ன லிவர் என மூன்றில் ஒன்று அங்கே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அங்கே இல்லையென்றால் சாய்மானத்தின் பக்கவாட்டில், கதவைத் திறந்தால் தெரிகிற ஓரத்தில், துணி நாடா ஒன்று தொங்கும். அப்புறம் டிக்கி: பின் கதவைத் திறந்து இரண்டு பக்கச் சுவர்களையும், செடானாக இருந்தால் பின் கண்ணாடியை ஒட்டிய பார்சல் தட்டுக்கு அடியில் மேல் கூரையையும் பாருங்கள். இழுக்கும் பிடி அங்கே இருக்கலாம். கடைசியாக உட்காரும் மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. சில வண்டிகளில் முதலில் மெத்தையையே முன்னால் தூக்கிக் கவிழ்த்த பிறகுதான் சாய்மானம் படுக்கும். மெத்தையைத் தூக்குகிற நாடா அந்த இடுக்குக்குள் நழுவி மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

இடுக்கில் கை விட்டால் ஒரு தடித்த கம்பி தட்டுப்படும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். அது குழந்தை சீட்டை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கம்பி, பாடியோடு வெல்டு செய்தது. லிவர் என்று நினைத்து அதோடு மல்லுக்கட்டியவர்கள் நிறைய.

கண்ணுக்கு எட்டாத இடத்தைப் பார்க்க எளிய வழி போன்தான். வீடியோவைப் போட்டு, டார்ச்சையும் எரியவிட்டு, சாய்மானத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போனை மெல்ல இறக்கி எடுங்கள். ஸ்ட்ரைக்கர் தெரியும், தாடை தெரியும், அதிலிருந்து கம்பியோ கேபிளோ எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரியும். அதன் மறுமுனையில்தான் லிவர்.

இனி எங்கள் தொழிலின் குற்றம். வெளியில் போட்ட சீட் கவர் லிவரை மூடிவிடுவதுதான் இந்த அறிகுறிக்கு முதல் காரணம். பட்டன் வருகிற இடத்தில் ரெக்சினை அளந்து வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். அந்த மெனக்கெடலுக்குச் சோம்பல்பட்டு அப்படியே மூடிவிடுகிற கடைகள் இருக்கின்றன. மூலையில் அழுத்தும்போது ரெக்சினுக்கு அடியில் கெட்டியாக ஒரு வட்டமோ சதுரமோ நெளிந்தால் அதுதான் பட்டன். வீட்டில் பிளேடு போட்டுக் கிழிக்காமல் கவரின் பின்பக்க ஜிப்பையோ கொக்கிகளையோ கழற்றி மேலே உருட்டினால் வேலை முடிந்தது. அப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் அது அரிது. இருந்தால் அந்தப் பக்கம் கத்தியே போகக் கூடாது.

லிவர் நகர்கிறது, சீட் அசையவில்லை

கடைக்கு வருகிற புகார்களில் மிகுதி இதுதான். லிவரில் ஸ்பிரிங் அழுத்தம் தெரியும், ஏதோ நகர்வதும் தெரியும், சாய்மானம் மட்டும் பிடிவாதமாக நிற்கும்.

முதல் மருந்து, இழுப்பதற்கு நேர் எதிரான வேலை. உள்ளங்கையைச் சாய்மானத்தின் மேல் மூலையில் வைத்துப் பின்னோக்கி, அதாவது டிக்கிப் பக்கமாக, அழுத்துங்கள். அழுத்தியபடியே மறுகையால் லிவரை இழுங்கள். இழுத்த லிவரை விடாமல், அழுத்திய கையை மட்டும் எடுத்து முன்னால் இழுங்கள். பின்னால் தள்ளிய அந்த ஒரு நொடியில் பல்லின் மேல் இருந்த அழுத்தம் விடுபடும். லிவர் டிக்கிக்குள் இருக்கிற வண்டிக்கு இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் உள்ளே உட்கார்ந்து முழங்கையால் சாய்மானத்தைப் பின்னுக்குத் தள்ள, மற்றவர் பின்னாலிருந்து இழுக்க. லிவரை மெதுவாக, கடைசி வரை இழுக்க வேண்டும். படபடவென்று விட்டு விட்டுச் சுண்டினால் கேபிள்தான் போகும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். டிக்கியில் அடைத்த சாமான்தான் பெரும்பாலும். கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது வண்டியின் மூக்கு கீழே இருக்கும், பின்னால் இருக்கிற மூட்டையெல்லாம் நகர்ந்து வந்து சாய்மானத்தின் மேல் சாயும். இறக்கத்தில் ஓரம் கட்டிவிட்டு சீட்டோடு போராடுவதைவிட, சமதளம் வரும் வரை பொறுத்திருந்து, பின் கதவு வழியாக இரண்டு மூட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டு இழுத்தால் அதே லிவர் தானாக விடும். சாமான் இல்லாமலே மாட்டுகிறது என்றால் பின்னால் தைத்த தடித்த கவரோ, டிக்கியில் விரித்த புதிய மேட்டோ சாய்மானத்தை முன்னால் நெம்பிக்கொண்டிருக்கலாம்.

ஆல்டோ மாதிரிச் சின்ன வண்டிகளில் சாய்மானம் ஒரே பலகை. அதற்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு லாக். இப்படிப்பட்ட வண்டிகளில் ஒரு பக்கத்தை விடுவித்துவிட்டு மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் திரும்ப மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கக் கதவையும் திறந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுக்கலாம். தனியாள் என்றால், முதல் பக்கத்தை விடுவித்து, அந்த மூலையை முன்னால் இழுத்து, தாடைக்கும் பாடிக்கும் நடுவில் நான்காக மடித்த துண்டைச் செருகிவிட்டு மறுபக்கம் போங்கள்.

குழந்தை சீட் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டின் மேல்வார், சாய்மானத்தைத் தாண்டிப் பின்பக்கம் போய்க் கொக்கியில் மாட்டியிருக்கும். லாக் விட்டாலும் வார் விடாது. நடு சீட் பெல்ட் கூரையிலிருந்து இறங்குகிற வண்டிகளிலும் இதே கதைதான். அந்தப் பெல்ட்டைக் கீழே கழற்றி மேலே சுருள விட்ட பிறகே சாய்மானம் படுக்கும்.

லிவர் தொளதொளவென்று ஆடுகிறது

இழுத்தால் எந்த எதிர்ப்பும் இல்லை, விட்டால் திரும்பியும் வரவில்லை என்றால் லிவருக்கும் பல்லுக்கும் நடுவில் தொடர்பு அறுந்திருக்கிறது. “பொட்டிப்போயி அண்ணாச்சி”, அதாவது உடைந்துபோச்சு, என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். முக்கால்வாசி வண்டிகளில் எதுவும் உடைந்திருக்காது, ஏதோ ஒன்று அதன் இடத்தை விட்டு நழுவியிருக்கும்.

நழுவும் இடங்கள் மூன்று. கேபிளின் உள்கம்பி முனையில் ஒரு உலோகக் குண்டு இருக்கும், அது லிவரின் துளையிலிருந்து வெளியே வந்திருக்கலாம். கேபிளின் வெளி உறை ஒரு தகட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், அந்த உறை பள்ளத்தை விட்டு எழும்பியிருக்கலாம். அப்படியானால் லிவரை இழுக்கும்போது உள்கம்பிக்குப் பதில் உறையே நெளிந்து கொடுக்கும். மேலே தூக்கும் குமிழ் வைத்த வண்டிகளில் கேபிள் இருக்காது, ஒரு மெல்லிய கம்பிதான். அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப் காய்ந்து விரிந்திருக்கும். சீட் கவரின் எலாஸ்டிக் கொக்கி கேபிளில் மாட்டி அதை இழுத்துக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போகும் வழி டிக்கிப் பக்கம். சாய்மானத்தின் முதுகில் கார்ப்பெட் ஒட்டிய அட்டை இருக்கும், அதைப் பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடித்திருக்கும். முழுதும் கழற்ற வேண்டியதில்லை. லாக் இருக்கும் மேல் மூலையில் மட்டும், தட்டையான பிளாஸ்டிக் நெம்பியாலோ துணி சுற்றிய ஸ்க்ரூ டிரைவராலோ கிளிப்புக்கு மிக அருகில் வைத்து நெம்பி, அட்டையை விலக்குங்கள். அருகில் வைக்காமல் தூரத்தில் நெம்பினால் அட்டை கிழியும், கிளிப் அப்படியே நிற்கும். லாக்கைச் சுற்றி பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதைச் சொருகுப் பட்டையோ ஒற்றை ஸ்க்ரூவோ பிடித்திருக்கும்.

உள்ளே தெரியும் கேபிள் முனையை மூக்கு பிளையரால் பிடித்து, அது எந்தப் பக்கம் இழுக்கக் கட்டியதோ அந்தப் பக்கமே இழுங்கள். குமிழ் வண்டியில் கம்பியை மேலே தூக்குங்கள். கூடவே சாய்மானத்தைப் பின்னால் அழுத்த ஒரு ஆள் இருந்தால் தாடை ‘டக்’ என்று விடும். விரலை அந்தத் தாடைக்குள் விட வேண்டாம். ஸ்பிரிங்கோடு திரும்புகிற இரும்பு அது, நகம் போய்விடும்.

சீட் விழுந்த பிறகு நிதானமாக நழுவியதை இடத்தில் பொருத்தலாம். விரிந்த கிளிப்புக்குப் பதிலாக கேபிள் டையோ கட்டுக்கம்பியோ போட்டு அப்போதைக்கு ஓட்டலாம். ஆனால் உள்கம்பியே நூல் நூலாகப் பிரிந்திருந்தால் முடிச்சுப் போட்டுச் சமாளிக்கக் கூடாது, புதுக் கேபிள்தான். முடிச்சால் நீளம் குறையும், நீளம் குறைந்தால் பல் எப்போதும் பாதி தூக்கியபடியே நிற்கும். பூட்டிய மாதிரித் தெரிந்து பூட்டாமல் இருக்கும்.

எந்த வழியும் இல்லாத வண்டிகளில் கடைசி ஆயுதம் ஸ்ட்ரைக்கரையே பாடியிலிருந்து கழற்றுவது. டிக்கிப் பக்கமிருந்து அதன் நட்சத்திரத் தலை போல்ட் எட்டினால்தான் நடக்கும். அது பட்டறை வேலை, திரும்பப் போடும்போது இறுக்கம் சரியாக இருக்க வேண்டும்.

லிவர் இறுகிக் கிடக்கிறது

பின்னால் அழுத்தியும் லிவர் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் துருவோ அழுக்கோ. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்தக் கணவாய்ப் பகுதியில் சாரல் ஓயாது. நனைந்த மூட்டை, நனைந்த துண்டு, அருவியில் குளித்துவிட்டு அப்படியே டிக்கியில் எறிந்த ஈரத்துணி எல்லாம் மூடிய வண்டிக்குள் கிடந்து புழுங்கும். கொல்லம் கடற்கரைப் பக்கம் நிற்கிற வண்டிகளுக்கு உப்புக் காற்று வேறு.

துருவை இளக்குகிற ஸ்பிரேயைச் சின்னக் குழாய் வைத்துத் தாடைக்குள்ளும் பல்லின் அச்சிலும் அடியுங்கள். மெத்தையில் படாமல் பின்னால் பழைய துணி பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் விட்டு, லிவரைச் சின்னச் சின்னதாக அசைத்து, திரும்ப அடித்து, திரும்ப அசையுங்கள். டபிள்யூ.டி.-40 மாதிரி ஸ்பிரேக்கள் இளக்கத்தான் நல்லவை, அவை நின்று உயவு கொடுக்காது. லாக் விட்ட பிறகு துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் எல்லையின் இரண்டு பக்கத்திலும் இறுகிய எதற்கும் முதலில் ஊற்றுவது அதைத்தான். அப்போதைக்கு லாக் இளகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழி விடியலில் இங்கே அந்தக் குளிர் உண்டு. உறையாத மாதங்களில் தூசியைப் பிடித்துப் பிசினாகும். ஊற்றிய வண்டிகளைத் திறந்தால் பல்லைச் சுற்றிக் கறுத்த பசை ஒன்று திரண்டிருக்கும், அதை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் அதே எண்ணெய் உதவும்: பலாப்பால். அடிபட்ட பலாப்பழத்தைச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்து, பால் வழிந்து லாக்குக்குள் இறங்கியிருந்தால் தண்ணீரும் சோப்பும் ஒன்றும் செய்யாது. பழம் அரிவதற்கு முன் கையில் எண்ணெய் தடவுகிற அதே கணக்குதான். துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பசை உருண்டு வரும். வந்த பிறகு எண்ணெயையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு கிரீஸ் போடுங்கள். துடைக்க மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும், கதவுகளைத் திறந்து வைத்து, பக்கத்தில் பீடி, சிகரெட் இல்லாமல்.

மடிந்தது, நிமிர்த்தினால் நிற்கவில்லை

மேலே சொன்னவையெல்லாம் தொந்தரவுதான். இது மட்டும் ஆபத்து.

பல வண்டிகளில் லிவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டை வைத்திருப்பார்கள். சிவப்பு தெரிந்தால் பூட்டவில்லை, மறைந்தால் பூட்டியது. சிவப்பு இல்லாத வண்டிகளில் சாய்மானத்தின் இரண்டு தோள்களையும் தனித்தனியாகப் பிடித்து முன்னால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஒற்றைப் பலகை சீட்டில் ஒரு பக்கச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுவோம்.

பூட்டாததற்கு வழக்கமான காரணம் நடுவில் ஏதாவது சிக்குவது. முதல் குற்றவாளி சீட் பெல்ட். சாய்மானம் எழும்பும்போது பெல்ட் அதற்குப் பின்னால் போய், தாடைக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் நசுங்கும். அப்படி நசுங்கிய பெல்ட்டின் ஓரம் பிசிறிவிட்டால் அந்தப் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். சீட்டை நிமிர்த்துமுன் பெல்ட்டைப் பக்கத்துச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிடுங்கள். சும்மா இருக்கிற பிளாஸ்டிக் என்று நினைக்கிறோமே, அது அதற்காகத்தான் வைத்தது. அடுத்தது சீட் கவரின் மடிப்பு, அதற்கும் அடுத்தது டிக்கி மேட்டின் மேலே ஏறிய ஓரம்.

எதுவும் சிக்கவில்லை, ஆனாலும் சாய்மானம் கம்பியில் மோதி மோதித் திரும்புகிறது என்றால் தாடையைப் பாருங்கள். சீட் படுத்திருந்தபோது எதுவோ இடித்து தாடை காலியாகவே மூடிக்கொண்டிருக்கும். மூடிய தாடைக்குள் கம்பி எப்படி நுழையும்? லிவரை இழுத்துப் பிடித்தபடி ஸ்க்ரூ டிரைவரால் தாடையைத் திறந்த நிலைக்குத் தள்ளுங்கள், லிவரை விடுங்கள், இப்போது சாய்மானத்தை வேகமாகப் பின்னால் தள்ளினால் கவ்விக்கொள்ளும். இது தெரியாமல் இடித்துக்கொண்டே இருந்தால் ஸ்ட்ரைக்கர் வளையும். பின்னாலிருந்து மோதல் வாங்கிய வண்டியில் ஸ்ட்ரைக்கர் ஏற்கெனவே நகர்ந்திருக்கலாம், அங்கே சுத்தியலால் நிமிர்த்தாமல் புதிது போடச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், டிக்கிச் சாமானை உங்கள் முதுகிலிருந்து பிரித்து வைத்திருப்பது இந்த லாக்தான். ஐ.நா.வின் வாகன விதிமுறை எண் 17-இல் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: டிக்கியில் தலா 18 கிலோ கட்டைகள் இரண்டை வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் உண்டாகிற விசையைக் கொடுத்து, சாய்மானமும் பூட்டும் தாங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து 36 கிலோ. பாவூர்சத்திரத்தில் ஏற்றுகிற ஒரே ஒரு வெங்காய மூட்டை அதைவிடக் கனம். கயிற்றைப் போட்டு சாய்மானத்தைக் கட்டிவிட்டு ஆட்களை உட்கார வைத்து மலை ஏறுவது வேண்டாம். லாக் பிடிக்காத பக்கத்தில் யாரும் உட்காராமல், அதற்குப் பின்னால் சாமானும் வைக்காமல் பட்டறை வரைக்கும் போகலாம்.

நடு சீட் பெல்ட் வரவில்லை

இதைப் பெல்ட் கோளாறு என்று நினைத்து பெல்ட்டைக் கழற்றுவார்கள். நடு பெல்ட்டின் சுருள் சாய்மானத்துக்குள்ளேயே இருக்கிற வண்டிகள் சிலவற்றில், சாய்மானம் சரியாகப் பூட்டாத வரை அந்தப் பெல்ட் வெளியே வராதபடி வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். சாய்மானத்தை ஒருமுறை விடுவித்து, நன்றாகத் தள்ளிப் பூட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள்.

ஏழு பேர் வண்டி: தரையில் மாட்டுகிற சீட்

இங்கே லாக் இரண்டு இடத்தில். சாய்மானம் மடிய ஒன்று, சீட் முழுதும் கவிழவோ எழும்பவோ தரையில் இன்னொன்று. முதலில் சாய்மானம், பிறகுதான் தரை லாக். வரிசை மாறினால் இரண்டாவது லிவர் நகராது. பழைய இன்னோவாவிலும் கிரிஸ்டாவிலும் மூன்றாவது வரிசை இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவரோடு தூக்கிக் கட்டப்படும். கட்டும் வார் சரியாக மாட்டாமல் இருந்தால் வளைவில் சீட் கீழே விழும். எர்டிகாவில் மூன்றாவது வரிசை 50:50 ஆகப் பிரிந்து முன்னால் படுக்கும்.

தரை லாக்கின் எதிரி துருவைவிடக் குப்பை. தரையில் இருக்கிற கம்பி ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயம், கடலைத் தோல், நேந்திரங்காய்ச் சிப்ஸ் தூள், மலைக்குப் போய் வந்த வண்டியென்றால் கற்பூரத் துண்டும் விபூதியும் கெட்டித்துப் போயிருக்கும். சபரிமலை சீசன் முடிந்த தை மாதத்தில் இந்தப் பள்ளங்களைச் சுரண்டுவதே தனி வேலை. வேக்குவம் வைத்து உறிஞ்சி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, நாணயத்தைக் குறட்டால் எடுத்துவிட்டால் லாக் பிடிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒயர்களும் கனெக்டர்களும் ஓடுகின்றன.

சீட் முன்னும் பின்னும் நகர்கிற ரகம் என்றால், தண்டவாளத்தில் சீட் நடுவாந்தரமாக நிற்கும்போது கவிழ மறுக்கும் வண்டிகள் உண்டு. ஒரு பல் முன்னாலோ பின்னாலோ நகர்த்தி ‘கிளிக்’ கேட்ட பிறகு முயலுங்கள்.

பூட்டுகிறது, ஆனால் குழிக்குக் குழி கடகட

இழுத்துப் பார்த்தால் பூட்டு உறுதி, சிவப்பும் மறைந்துவிட்டது, ரோடு மோசமானால் மட்டும் சத்தம். முதலில் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சத்தம் பாதி நேரம் அதிலிருந்துதான் வரும். அடுத்தது தொங்கிக்கொண்டிருக்கும் பெல்ட் பக்கிள். இரண்டும் இல்லையென்றால் ஸ்ட்ரைக்கரின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. கம்பியில் துணி டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் நிற்கும். தடிமனாகச் சுற்றினால் தாடை முழுக்க மூடாது, எனவே சுற்றிய பிறகு சிவப்பு மறைகிறதா, தோளைப் பிடித்து இழுத்தால் தாங்குகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். சாய்மானத்தின் பின்பக்கம் இருக்கும் ரப்பர் முட்டு விழுந்துபோயிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அந்த ரப்பர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும், வாங்கிச் செருகிவிட்டால் டேப்புக்கு வேலையில்லை.